ஒரு அமுக்குக்கு எவ்வளவு?

பிளாஸ்டிக் கப்பைத் தரையில் தட்டினால் சத்தம் வராது. எங்க அக்கா இதைக் கண்டுபிடித்தது எழுபத்தெட்டாவது வயதில், ஏற்காட்டு மார்கழிக் குளிரில், பாத்ரூம் தரையில் விழுந்து கிடந்தபோது.

“அந்தக் காலத்துப் பித்தளைச் சொம்பா இருந்தா ஒரே தட்டு, ஊரே எந்திரிச்சிருக்கும்டா தம்பி. இது என்னமோ டொக்கு டொக்குனுது” என்றாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே. ராத்திரி இரண்டு மணிக்கு வழுக்கியிருக்கிறாள். வெந்நீர் வைக்க எழுந்த ஆயாம்மா பார்த்தது ஐந்தரைக்கு. மூன்றரை மணி நேரம். மணிக்கட்டில் மட்டும் விரிசல், இடுப்பு தப்பித்தது. ஆனால் டாக்டர் கவலைப்பட்டது மணிக்கட்டுக்காக இல்லை. வயசானவங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் அப்படியே கிடந்தால், நசுங்கிய சதை கரைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடிக்கும் என்றார். அதுக்காகவே இரண்டு நாள் டிரிப்ஸ் போட்டு வைத்திருந்தார்கள். 108 வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த கதையை அக்கா இன்னும் யாரைப் பார்த்தாலும் சொல்கிறாள். விழுந்ததைவிட அந்த வளைவுகள்தான் மோசமாம்.

நான் மின்வாரியத்தில் 34 வருஷம் இருந்தவன். ஹெல்பராகச் சேர்ந்து போர்மேனாக ரிட்டயர் ஆனேன். இப்போது சேலம் சூரமங்கலத்தில் வாசம். மாமா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் போன பிறகு அக்காவைக் கீழே கூப்பிட்டேன். “சேலத்துக்கு வந்தா வேர்த்தே செத்துருவேன்” என்று மலையிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துகொண்டாள். பழைய எஸ்டேட் பங்களா அது. ஒன்றரையடிக் கனத்தில் கருங்கல் சுவர், பின்னால் புதிதாகக் கட்டிய ஒரு பகுதி. 26 பேர், 14 பாத்ரூம். ராத்திரிக்கு ஒரே ஆயாம்மா, அவரும் பகலெல்லாம் வேலை செய்துவிட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் படுப்பவர். எழுந்திருக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை மாதம் இல்லத்தை நடத்துகிற டிரஸ்டிலிருந்து கடிதம் வந்தது. எல்லா அறையிலும் எல்லா பாத்ரூமிலும் அவசர அழைப்பு மணி இனிமேல் கட்டாயம். செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேச மாசியில் ஒரு கூட்டம். மேனேஜர் அம்மா போன் செய்து, “சார், நீங்க ஈ.பி. ஆளாச்சே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார். ரிட்டயரான ஈ.பி.காரனிடம் இப்படிச் சொன்னால் விடுவானா?

முதலில் நான் செய்தது அசட்டுத்தனம். சேலம் கடையில் வயர்லெஸ் காலிங் பெல் 450 ரூபாய்க்கு நாலு வாங்கிக்கொண்டு மலையேறினேன். எங்க வீட்டில் சோதித்தபோது தெருமுனையில் நின்று அமுக்கினாலும் அடித்தது. பங்களாவில், பாத்ரூமில் அமுக்கினால் வராண்டாவில்கூடக் கேட்கவில்லை. அது 433 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற சாமான். ஒன்றரையடிக் கருங்கல், அதுவும் வருஷத்தில் பாதி நாள் பனியில் ஈரம் குடித்து நிற்கிற சுவர், அத்தனையும் விழுங்கிவிட்டது. ஒன்றை மட்டும் புதுக்கட்டடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் செல் தொடும் தகட்டில் பச்சைப் பூ பூத்திருந்தது. செத்த மணி தான் செத்துவிட்டதாக யாரிடமும் சொல்லாது. சுவரில் அழகாக இருக்கும். ஆபத்து வந்து அமுக்கும்போதுதான் தெரியும்.

அடுத்து ஒரு கம்பெனிக்காரர் கோட் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் மாட்டுகிற பட்டன், விழுந்தால் தானாகவே கண்டுபிடிக்கும், மகன் மகள் போனுக்கு மெசேஜ் போகும். பட்டன் ஒன்று 6,500 வீதம் 26 பேருக்கு 1,69,000. சுவரைத் தாண்டி சிக்னல் போக நடுவில் பெட்டிகள் ஒன்பது, ஒவ்வொன்றும் 11,000. மாட்டுகூலி 25,000. ஆக 2,93,000. அதுக்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 52,740. இதில் ஒரு வேடிக்கை. பதிவு பெற்ற தரும ஸ்தாபனம் நடத்துகிற முதியோர் இல்லத்தில், அறுபது வயது நிறைந்தவர் மாதம் 25,000 வரை கட்டும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கும் பணத்துக்கு வரி இல்லை என்பதால் சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்த 52,740 தாத்தா பாட்டி தலையில்தான். இதெல்லாம் போக ஆளுக்கு மாதம் 250 சந்தா. வருஷத்துக்கு 78,000. மலையில் இன்டர்நெட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பேக்கப் இருக்குங்க சார்” என்றார். என்ன பேக்கப் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

நான் ஒயர் போட்டேன். பழைய முறைதான், அதனால்தான் பிடிக்கும். 26 கட்டில், 14 பாத்ரூம், மொத்தம் 40 பாயிண்ட். எல்லாம் 12 வோல்ட். பாத்ரூமில் 230 வோல்ட் சுவிட்ச் வைக்கச் சொன்ன வயர்மேன் பையனைத் திட்டிவிட்டேன், ஈரக்கையோடு கரண்டைத் தொட்டவர்களைத் தூக்கிப்போன கை இது. எந்த அறை என்று விளக்கு எரிகிற போர்டை சேலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்தோம், 28,000. பாயிண்டுக்கு 850 வீதம் 34,000. பேட்டரியோடு பவர் சப்ளை 6,500. இரண்டு பேருக்கு ஒன்பது நாள் கூலி 17,100. எஸ்டிமேட் 85,600. முடியும்போது 96,400 ஆகிவிட்டது. கருங்கல் தின்ற டிரில் பிட் கொஞ்சம், குரங்கு பிய்த்த ஒயர் மீதி. வராண்டாவில் வெளியே ஓடிய கேபிளை ஒரே ராத்திரியில் உரித்துப் போட்டிருந்தன. வாரியத்தில் இருந்தபோதும் குரங்குக்கு எஸ்டிமேட்டில் தனிக் கட்டம் கிடையாது, இப்போதும் போட மறந்துவிட்டேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். மணியை நிறுத்துகிற சுவிட்ச் போர்டில் இருக்கக் கூடாது, அந்தந்த அறையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். நானே செய்வேன். இன்னொன்று பாத்ரூம் கயிறு. நின்றால் எட்டுகிற உயரத்தில் பட்டனை வைத்து என்ன பிரயோஜனம், விழுந்தவர் தரையில் அல்லவா கிடப்பார்? பிரிட்டனில் இதுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கயிறு, அதில் இரண்டு சிவப்பு வளையம், ஒன்று தரையிலிருந்து 80 முதல் 100 செ.மீ. உயரத்தில், இன்னொன்று வெறும் 10 செ.மீ. உயரத்தில். படித்ததும் செவ்வாய்ப்பேட்டை போய் சிவப்பு பிளாஸ்டிக் வளையல் மூன்று டஜன் வாங்கினேன். கடைக்காரம்மா, “பேத்திக்குங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வைகாசியில் போய்ப் பார்த்தால் 14 பாத்ரூமில் ஒன்பதில் கயிற்றைச் சுருட்டி மேலே குழாயில் முடிச்சுப் போட்டிருந்தது. “துடைக்கறப்ப நனையுதுங்க சார், கருப்பாவுது, பாக்க அசிங்கமா இருக்குது” என்றார் கழுவுகிற அம்மா. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வேலை தரையைச் சுத்தமாக வைப்பது, அதுக்குத்தான் திட்டு வாங்குகிறார். கயிற்றின் கீழ்ப்பாதிக்குத் தோட்டத்து ஹோஸ் பைப்பை முழம் முழமாக வெட்டிச் செருகினேன், துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். அந்தச் செலவு 180 ரூபாய். மொத்த வேலையிலும் நான் பெருமைப்படுகிற 180 ரூபாய் அதுதான்.

கூட்டத்தை விட்டுவிட்டேன். கயிற்றுக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மனசு வரவில்லை.

மாசி கடைசி ஞாயிறு. நேரில் பதினெட்டுப் பேர், போனில் நாலு பேர். என் எஸ்டிமேட்டை அஞ்சு வருஷத்துக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 55 ரூபாய், பராமரிப்பு 38. நூறு ரூபாய்க்குள் முடிகிறது என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம். அப்போது மேனேஜர் அம்மா கேட்டார்: “சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிக்குது. யார் போறது?”

பகலில் வேலை செய்கிற ஆயாம்மாவை ராத்திரியும் எழுப்ப முடியாது. ராத்திரிக்கென்றே ஆள் வேண்டும். ஒரு ஆள் போட்டால் ஒரு ஆள் ஆகிவிடாது, வார லீவு, நோம்பி, காய்ச்சல் எல்லாம் உண்டு. இரண்டு பேர் வேண்டும். மலையில் ஆள் கிடைப்பதே பாடு. சாப்பாடு, தங்கல் சேர்த்து இரண்டு பேருக்கும் மாதம் 32,000. 26 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,230. அழைப்பு மணிக்கு 93 ரூபாய், மணியைக் கேட்டு எழுந்து போகிற காலுக்கு 1,230 ரூபாய். மொத்தமாக 1,300 ஏற்றுவது என்று பேச்சு வந்தது.

போனில் இருந்தவர்களில் ஒருவர் நியூ ஜெர்சியிலிருந்து. அங்கே சட்டமே இருக்கிறது, இதையெல்லாம் விவாதிக்கவே மாட்டார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது, வீட்டுக்கு வந்து படித்தேன். அவர் சொன்னது பாதி சரி. அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் படுக்கைப் பக்கமும், கழிப்பறை, குளியலறையிலும் அழைப்பு வசதி இருக்க வேண்டும், அந்த அழைப்பு நேராக ஊழியரிடமோ ஊழியர் வேலை செய்யும் இடத்துக்கோ போய்ச் சேர வேண்டும் என்று மத்திய அரசின் விதியே உண்டு. மீதிப் பாதி என்னவென்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேரம் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஊழியர் வைக்க வேண்டும் என்று 2024இல் அங்கே ஒரு விதி போட்டார்கள். செலவு தாங்காது என்று நர்சிங் ஹோம் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள மத்திய கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. மணியைப் பற்றிய விதி மட்டும் அப்படியே இருக்கிறது. நம்மூர் 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி, என்று பேசுகிறது. பிள்ளைகள் தரவேண்டிய பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதில் மணியும் இல்லை, ராத்திரி ஆளும் இல்லை.

கூட்டத்துக்கு வருகிறேன். கடைசி வரிசையில் ஒரு அம்மா, அம்மாபேட்டையிலிருந்து வந்திருந்தார். வீட்டில் பட்டுத்தறி. அவருடைய தாய்க்குச் சலுகைக் கட்டணம் 6,000, மற்றவர்களுக்கு 12,500. அந்த ஆறாயிரத்தில் பாதி திருப்பூரிலிருந்து அண்ணன் அனுப்புகிறார், பாதி இவர் கூலியிலிருந்து. “எங்களுக்கும் ஆயிரத்து முந்நூறுங்களா?” என்று கேட்டார். ஆள் சம்பளத்தில் சலுகை கொடுக்க வழியில்லை என்றார் டிரஸ்டி. கொடுமைக்காரர் இல்லை, கணக்குப் புத்தகத்தைத் திறந்தே காட்டினார். ஓட்டெடுப்பு நடந்தது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். எங்க அக்கா மூன்றரை மணி நேரம் தரையில் கிடந்தவள், நான் வேறெப்படித் தூக்குவேன்?

சித்திரையில் அந்த அம்மா தாயாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வாக்கர், வாசலில் ஆட்டோ. எல்லாருடைய பாதுகாப்புக்காகவும் கட்டாயமாக்கிய மணி அடிக்க ஆரம்பித்த வாரத்தில், 26 பேரில் ஒருத்தர் எந்த மணியும் இல்லாத வீட்டுக்குப் போகிறார். டிரஸ்டின் கணக்கில் இது எந்தத் தலைப்பிலும் வராது. மீதி 25 பேருக்குத் தலைக்கு 50 ரூபாய் கூடும் என்று அடுத்த கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் அந்த 450 ரூபாய் வயர்லெஸ் பெல் மூன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மாபேட்டை போனேன். செங்கல் சுவர், மூன்றே அறை. பாட்டி கட்டில் கம்பியில் பட்டனைக் கட்டி, தறிக்கு மேலே மணியை மாட்டினேன். தறி ஓடும் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று வால்யூமைக் கடைசிவரை ஏற்றினேன். ஒரு அமுக்கு, வீடே அதிர்ந்தது. மலையில் ஊமையாக இருந்த சாமான் இங்கே இந்தக் கத்துக் கத்துகிறது. செல்லில் உயிர் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை, அமாவாசை அன்றைக்கு, பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். பணம் கொடுக்க வந்தார். தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள் போதும் என்றேன். இரண்டு செட் வந்தது.

மலைக்கு மறுபடி. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருந்தேன், எந்த அறை, எத்தனை மணி, எதுக்கு என்று எழுத. முதல் மாதம் 187 அழைப்பு. விழுந்தது ஒன்று. மூச்சு வாங்கியது இரண்டு. பாத்ரூமுக்குத் துணைக்கு 34. வெந்நீர், போர்வை 58. குரங்கு 19. மீதி 73க்கு எதிரே ஆயாம்மா கையெழுத்தில் “சும்மா” என்று இருந்தது. டிரஸ்டிக்கு அந்த 73 உறுத்தியது. எனக்கு அந்த 34தான் கண்ணில் பட்டது. அதில் எத்தனை பேர் தனியாகப் போய் விழுந்திருப்பார்களோ, விழாததால் யாருக்கும் தெரியாது. “சும்மா” என்றால் என்ன என்று ராத்திரி ஆயாவிடம் கேட்டேன். “போனா, உக்காரு சாமிங்கறாங்க. அவ்ளோதான்” என்றார்.

எங்க அக்கா பெயரில் ஒன்றுகூட இல்லை. முழு மாதமும் பூஜ்யம். பயந்துபோய் அவள் கட்டில் பட்டனைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. “ஏங்க்கா, நீ அமுக்கறதே இல்லையா?”

அக்கா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மாசம் ஆயிரத்து முந்நூறு ஏத்திட்டாங்களே. ஒரு அமுக்குக்கு எவ்வளவுடா போடறாங்க?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எஸ்.டி.டி. பூத்தில் சிவப்பு எழுத்தில் கட்டணம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மாமாவோடு பேசியவள். அமுக்கினால் எங்கேயோ மீட்டர் ஓடுகிறது என்று நினைத்திருக்கிறாள். அவள் மட்டுமில்லை, அந்த வரிசையில் நாலு பேர் அப்படித்தான். எதிர்க் கட்டில் அம்மா ராத்திரி இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் போய் வருகிறாராம், மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று. இத்தனை எஸ்டிமேட் போட்டேன், கூட்டத்தில் பேசினேன், அமுக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கோ மேனேஜர் அம்மாவுக்கோ தோன்றவில்லை.

“இது யூனிட் கணக்கு இல்லக்கா. நிலைக்கட்டணம். அமுக்குனாலும் அதேதான், அமுக்காட்டியும் அதேதான்.”

அக்கா யோசித்தாள். “அப்போ அமுக்கலைன்னா நமக்குத்தானே நட்டம்?”

அடுத்த மாதம் நோட்டில் அக்கா பெயர் 23 இடத்தில் இருந்தது. அதில் ஆறு, கட்டிலுக்கடியில் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க. ராத்திரி ஆயா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

ஆடி முதல் வாரம் அம்மாபேட்டையிலிருந்து போன். பெல்லில் ஏதோ கோளாறு, வந்து பார்க்க முடியுமா என்று. போனேன். கோளாறு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு அதே பெல்லை வாங்கி மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ளே ஒரே அடையாள எண். பாட்டி இங்கே அமுக்கினால் அங்கேயும் அடிக்கிறது. முந்தின வாரம் நடுராத்திரி பாட்டி அமுக்கியிருக்கிறார், இவர் எழுவதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாராம், என்னாச்சு என்று கேட்டபடி.

அந்த எண்ணைத் தீர்மானிக்கிற சின்ன இணைப்புத் துண்டு, ஜம்பர், உள்ளே இருக்கும், அதை இடம் மாற்றினால் சரியாகிவிடும், இரண்டு நிமிஷ வேலை என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றினேன். அந்த அம்மா தறிக் குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“அதை மாத்தவா கழட்டறீங்க? வேண்டாங்கண்ணா. அப்படியே இருக்கட்டும்.”

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினேன்.